ஆறடித் தொட்டிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெரிய தொட்டிக்காரர்களுக்கு,

இரண்டடித் தொட்டியில் கப்பியும் கோல்டு ஃபிஷ்ஷும் வளர்த்துப் பழகி, வீட்டில் எல்லாரிடமும் பேசிச் சம்மதம் வாங்கி, இப்போது கூடத்துச் சுவரோரம் ஆறடித் தொட்டியை இறக்கியிருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தொட்டி இன்னும் வரவில்லை, அளவு நாடாவோடு கூடத்தில் நடந்துகொண்டிருக்கிறீர்கள் என்றால் இன்னும் நல்லது.

ஆசியாவின் நன்னீர் மீன்களை மட்டும் வைத்து ஒரு தொட்டி அமைக்க வேண்டும் என்ற ஆசை உங்களில் பலருக்கு உண்டு. எனக்கும் பிடித்த ஆசைதான். ஆனால் கடையில் அந்த வரிசையில் காட்டப்படும் மீன்களில் பல, ஆசியாவைப் பூர்வீகமாகக் கொண்டவையே அல்ல. ஃபிளவர்ஹார்ன் 1990களில் மலேசியாவில் உருவாக்கப்பட்டது. அதன் வம்சமோ மத்திய அமெரிக்க சிக்லிட்களுடையது. பிளட் பேரட் தைவானில் உண்டாக்கிய கலப்பு, அதற்கும் பூர்வீகம் அமெரிக்கா. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் சக்கர் தென் அமெரிக்காக்காரர். வாஸ்துவுக்காக நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் போகும் விலை குறைந்த அரவானாவும் பெரும்பாலும் தென் அமெரிக்க சில்வர் அரவானாவே. உண்மையான ஆசிய அரவானா, அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில் உள்ளது. பதிவு பெற்ற பண்ணையில் பிறந்து, உடலில் மைக்ரோசிப்பும் கையில் சான்றிதழும் இல்லாமல் அது நாடு விட்டு நாடு போகக்கூடாது. அந்தக் காகிதங்களைப் பற்றிப் பேசாமல் யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

சரி, கடைக்கு வருவோம். "இதெல்லாம் ஒண்ணா இருக்குமாண்ணே?" என்று நாம் கேட்போம். "இருக்கும் சார், எல்லாம் கம்யூனிட்டி ஃபிஷ்தான்" என்று பதில் வரும். கொளத்தூர் வண்ணமீன் சந்தையின் ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் இதைவிட நீளமான பதிலை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அவர் சொல்வதில் பொய்யும் இல்லை. இரண்டு அங்குலக் குஞ்சுகளாக, கடைத் தொட்டியில், விற்றுப்போகும்வரை அவை ஒன்றாகத்தான் இருக்கின்றன. கோளாறு நம் கேள்வியில் இருக்கிறது. இது முழுசாக வளர்ந்தால் எவ்வளவு நீளம், எத்தனை சேர்ந்து இருந்தால் நிம்மதியாக இருக்கும், எந்த மாதிரித் தண்ணீரிலிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். நல்ல கடைக்காரர் பையைக் கீழே வைத்துவிட்டு நின்று பேசுவார்.

நீளத்தை முதலில் பார்ப்போம், ஏனென்றால் பெரிய தொட்டிக்காரர்கள் வழுக்கி விழும் முதல் படி இதுதான். தொட்டி பெரிது, அதனால் பெரிய மீன் என்று மனது கணக்குப் போட்டுவிடுகிறது. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் விளிம்புவரை நிரப்பினால் ஏறத்தாழ 680 லிட்டர்; மணலும் கல்லும் மேல்விளிம்பு இடைவெளியும் போக 600 லிட்டருக்குக் கொஞ்சம் குறையலாம். நமக்கு அது கடலாகத் தெரிகிறது. பாலா ஷார்க் என்றும் சில்வர் ஷார்க் என்றும் விற்கப்படும் மீனுக்கு அப்படித் தெரியாது. அது 35 சென்டிமீட்டர்வரை வளரும், கூட்டமாக ஓடும், மிரண்டால் நேராகக் கண்ணாடியில் மோதும். டின்ஃபாயில் பார்பும் அதே அளவுதான். கூடவே செடிகளையும் மேய்ந்து தீர்க்கும். இரண்டடி அகலம் என்பது 60 சென்டிமீட்டர். ஒரு முழத்தை நெருங்கும் மீன்கள் ஆறு அதில் எப்படித் திரும்பும் என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள்.

இவற்றைவிட மோசமான கதை இரிடெசென்ட் ஷார்க் என்று விற்கப்படும் கெளுத்தி இனத்துக் குஞ்சுக்கு. வெள்ளிக் கோடுகளோடு, பெரிய கண்களோடு, பார்க்க அழகாகத்தான் இருக்கும். மீகாங், சாவ் பிரயா ஆறுகளைச் சேர்ந்த இது ஒரு மீட்டரைத் தாண்டி வளரும். 40 கிலோவைக் கடந்தவையும் உண்டு. ஆந்திரக் குளங்களில் உணவுக்காக வளர்க்கப்படுவது இதே மீன். உணவகத்தில் பாசா என்ற பெயரில் தட்டில் வருவதும் பெரும்பாலும் இதுவே. ஜயண்ட் கௌராமி 70 சென்டிமீட்டர். உடலில் வட்ட வட்டப் பொட்டுகள் கொண்ட கிளவுன் நைஃப் ஒரு மீட்டர். போதாக்குறைக்கு அது இரவில் வேட்டைக்குக் கிளம்பும்.

"வளர்ந்ததும் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்று சிலர் சொல்வீர்கள். இரண்டடி நீள மீனை எந்தக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார்? அவரிடம் அதற்குத் தொட்டி இல்லை. கடைசியில் ஒரு பக்கெட்டில் போட்டுப் பக்கத்து ஏரிக்குக் கொண்டுபோகிறோம், புண்ணியம் செய்த திருப்தியோடு திரும்பி வருகிறோம். தமிழ்நாட்டின் ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் இன்று வலையை அறுத்துக்கொண்டு வரும் சக்கர் மீன்கள் இப்படிப் போனவற்றின் வாரிசுகள்தான்.

பெரிய தொட்டியின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது. ஆறடி உங்களுக்குத் தூரத்தைத் தருகிறது. துரத்தப்படும் மீன் துரத்துபவனின் கண்ணுக்கு மறைந்து போக இடம் இருக்கிறது. ஒரு முனையில் ஃபில்டர் தண்ணீர் பாய்ந்து நீரோட்டம் உண்டாகும்போது மறுமுனை குளம்போல அசையாமல் இருக்க முடிகிறது. கையளவு மீன்கள் இருபது சேர்ந்து ஒரே சமயத்தில் திரும்பும் காட்சியை இரண்டடித் தொட்டியில் பார்க்கவே முடியாது.

அதற்குத் தடையாக நிற்பது நம் ஜோடிப் பழக்கம். "இதுல ஒரு ஜோடி, அதுல ஒரு ஜோடி, அந்தச் சிவப்பு ரெண்டு" என்று வாங்கி வாங்கிப் பத்து வகையில் இருபது மீன் சேர்த்துவிடுகிறோம். ஆசியாவின் பார்ப், ராஸ்போரா, டேனியோ, லோச் வகைகள் பெரும்பாலும் கூட்டத்தில் பிறந்து கூட்டத்திலேயே வாழ்பவை. இரண்டாக விட்டால் ஒன்று மற்றொன்றைத் துரத்திக்கொண்டே இருக்கும், அல்லது இரண்டும் நிறம் வெளுத்து மூலையில் ஒதுங்கும். டைகர் பார்ப் வால் கடிக்கும் ரௌடி என்று பெயர் வாங்கியதற்கும் பாதிக் காரணம் இதுதான். பத்துப் பன்னிரண்டாக வைத்தால் அதன் சண்டை பெரும்பாலும் தன் கூட்டத்துக்குள்ளேயே தீர்ந்துவிடும். அப்போதும் நீண்ட துடுப்புள்ள கௌராமியோடு அதைச் சேர்க்க மாட்டேன், அது வேறு விஷயம். மூன்று வகை மீன், ஒவ்வொன்றிலும் நிறைய. ஆறடிக்கு அது போதும்.

அந்த மூன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில் ஓர் ஆற்றை முடிவு செய்யுங்கள் என்பேன். ஆசியா என்பது ஒரே தண்ணீர் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடையில் தண்ணீர் குளிர்ந்து, பாறையில் மோதி, நுரைத்து ஓடுகிறது. தாய்லாந்தின் சமவெளியில் அது வெள்ளக்காட்டில் பரவி நிற்கிறது. போர்னியோ, சுமத்ராவின் சதுப்புக் காடுகளில் இலைகள் ஊறித் தேநீர் நிறத்தில், சில இடங்களில் பி.எச். 4 வரைக்கும் இறங்கிய அமிலத்தன்மையோடு கிடக்கிறது. ஒரே நீரில் வாழ்ந்து பழகிய மீன்களுக்கு வெப்பமும் நீரோட்டமும் தீனியின் வேகமும் பெரும்பாலும் ஒத்துப்போகும். தீனியின் வேகம் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. மலை ஓடை மீன், மிதந்து போகும் இரையை நொடியில் பிடிக்கப் பழகியது. சதுப்பில் வாழும் கௌராமி நின்று, நிதானித்து, தன் இழைத்துடுப்பால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கும். இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒருவரை ஒருவர் கடிக்கவே மாட்டார்கள்; கௌராமி பட்டினியில் மெலிந்து சாகும்.

இன்னொரு ஆறும் உண்டு: உங்கள் வீட்டுக் குழாய். சென்னை, திருச்சி, மதுரை வீடுகளில் மே மாதத்தில் ஏசி இல்லாத கூடத்துத் தொட்டி 32 டிகிரியைத் தொடும். 20 டிகிரி நீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைகிறது. அதே நேரத்தில் மீனின் உடல் வேகமாக இயங்கி ஆக்சிஜனை அதிகம் கேட்கிறது. குளிர்ந்த ஓடை மீன்கள் சித்திரையில் மேலே வந்து வாயைப் பிளப்பது இதனால்தான். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத்தான் ஹீட்டர் வேண்டும். போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையையும் பாருங்கள். கடலோரத் தெருக்களில் டி.டி.எஸ். ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். முழுக்க ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றி அதைச் சரிசெய்ய நினைப்பவர்கள் உண்டு. தாதுக்கள் இல்லாத நீரில் பி.எச். நிலையாக நிற்காது. கலந்து ஊற்றலாம், ஆனால் வாரா வாரம் அதே விகிதத்தில் கலக்கும் பொறுமை வேண்டும். அது இல்லாதவர்கள் தங்கள் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேடுவதே மேல்.

இனி நான் பரிந்துரைக்கும் தொட்டிகள். வெயில் ஊர்க்காரர்களுக்கு முதலில் சுமத்ரா–போர்னியோ.

இதன் நாயகன் கிளவுன் லோச். ஆரஞ்சு உடல், மூன்று கறுப்புப் பட்டை, சிவந்த துடுப்பு. பீட்டர் பிளீக்கர் என்ற டச்சு மருத்துவர் 1852இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். நம் அயிரைக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் 30 சென்டிமீட்டர்வரை வளரும். மெதுவாகத்தான் வளரும், அதனால்தான் ஆறடித் தொட்டியில் இதற்கு இடம் தர முடிகிறது. இருபது ஆண்டுகளைத் தாண்டி வாழ்வது சகஜம். இன்று வாங்கும் குஞ்சு உங்கள் பிள்ளையின் கல்லூரிக் காலத்தையும் பார்க்கும். 28 முதல் 30 டிகிரி இதற்குப் பிடித்த வெப்பம் என்பதால் நம் ஊர் வெயில் மற்ற மீன்களை வாட்டும் அளவுக்கு இதை வாட்டாது. ஆறேழு சேர்ந்து இருந்தால்தான் இதன் குணமே வெளியே வரும். தீனி நேரத்தில் டிக் டிக் என்று சத்தம் எழுப்பும், அது கண்ணாடிக்கு வெளியிலும் கேட்கும். வயிறு நிறைந்தபின், பந்தி முடிந்து கூடத்தில் பாய் போட்டுப் படுத்துவிட்ட உறவினர்களைப்போல ஒருக்களித்து வரிசையாகக் கிடக்கும். முதன்முறை பார்ப்பவர்கள் செத்துவிட்டதென்று வலையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வலையை எடுக்காதீர்கள். அதன் கண்ணுக்குக் கீழே மடிந்து மறைந்திருக்கும் முள் ஒன்று உண்டு. மிரண்டால் விரித்து வலையில் சிக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டிப் பிடிப்பதே நல்லது.

செதில்கள் மிக நுண்ணியவை என்பதால் மருந்துகள் இதற்குச் சீக்கிரம் விஷமாகும். வெள்ளைப்புள்ளி நோய் தொட்டிக்குள் வந்தால் முதலில் படுப்பதும் இதுதான். அதனால் புதுத் தொட்டியில் முதல் மீனாக இதை விடவே கூடாது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நடுநீருக்கும் மேல்நீருக்கும் பேர்ல் கௌராமி. உடலெங்கும் முத்துப் புள்ளி, இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் மார்பு ஆரஞ்சாகச் சிவக்கும். 12 சென்டிமீட்டர். கௌராமிகளிலேயே சாதுவானது என்று தயங்காமல் சொல்வேன். கடையில் பக்கத்துத் தொட்டியில் இருக்கும் நீல கௌராமியை அதே சாதி என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அதன் ஆண் தொட்டியையே குத்தகைக்கு எடுத்துக்கொள்ளும். பேர்ல் கௌராமியில் இரண்டு ஆணும் ஐந்து பெண்ணும் விடுங்கள். இவை மேலே வந்து காற்றையும் சுவாசிப்பவை, நம் பனையேறிக் கெண்டையைப்போல. ஆகவே தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி வேண்டும். ஓட்டமில்லாத முனையில் மிதக்கும் செடிகளை அடர்த்தியாக விட்டால் அங்கேயே நுரைக்கூடு கட்டும். லோச்சுகளுக்கு நீரோட்டம் பிடிக்கும், கௌராமிக்குப் பிடிக்காது. இரண்டடித் தொட்டியில் இந்த இருவரும் சேர முடியாது, ஆறடியில் ஆளுக்கொரு முனை.

மூன்றாவது, சிசர்டெயில் ராஸ்போரா இருபது. வெள்ளி உடல், பிளவுபட்ட வாலில் கறுப்பு. அந்த வாலை நீந்தும்போது திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சின்ன மீன்தான் வேண்டும் என்பவர்கள் அதற்குப் பதிலாக ஹார்லிக்வின் ராஸ்போரா நாற்பதுகூட விடலாம். ஆனால் பத்துப் பன்னிரண்டு வாங்கிவிட்டு ஆறடியில் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

அவ்வளவுதான். "இவ்வளவு பெரிய தொட்டிக்கு இவ்வளவு மீன்தானா?" என்று பார்க்க வருபவர்கள் கேட்பார்கள். லோச் ஏழும் கையளவு ஆனபிறகு வரச் சொல்லுங்கள்.

அடுத்தது என் மனதுக்கு மிக நெருக்கமான தொட்டி: நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகள். ஏற்றுமதியாகி ஜெர்மனியிலும் ஜப்பானிலும் ஆசையாக வளர்க்கப்படும் மீன்களை நம் ஊர்த் தொட்டிகளில் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. இங்கே நாயகன் ஃபிலமென்ட் பார்ப். குஞ்சாக இருக்கும்போது கறுப்புப் பட்டையும் சிவந்த வாலுமாக ஒரு மீன். வளர்ந்ததும் பட்டை மறைந்து வாலருகே ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் நிற்க, உடல் பச்சை கலந்த வெள்ளியாக மாறி வேறொரு மீனாகிவிடும். ஆணின் முதுகுத் துடுப்பிலிருந்து இழைகள் நீண்டு தொங்கும். ஓர் ஆண் மட்டும் இருந்தால் அந்த அழகு முழுதாக வெளிப்படாது. நான்கைந்து ஆண்கள் இருந்து, போட்டிக்குப் பக்கவாட்டில் விறைத்து நின்று காட்டும்போதுதான் நிறம் ஏறும். இந்தக் கூட்டத்து மீன்களுக்கு இலங்கையின் ரோஹன் பெத்தியகொடவும் அவருடைய சகாக்களும் 2012இல் டாக்கின்ஸியா என்று தனிப் பேரினம் அமைத்தார்கள், பரிணாம உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸைக் கௌரவிக்கும் விதமாக. ஃபிலமென்ட் பார்ப் மலையடிவாரத்தில் மட்டுமின்றிக் கேரளக் கடலோரச் சமவெளியிலும் வாழ்வது. அதனால் வெயிலை ஓரளவு தாங்கும். பன்னிரண்டு விடுங்கள். அதே பேரினத்தின் வேறு இனங்களைக் கூட விடாதீர்கள். காவிரியின் அருலியஸ் பார்பும் தாமிரபரணியின் பெயரையே தாங்கிய பார்பும் இதனோடு கலந்து, எந்த ஆற்றுக்கும் சொந்தமில்லாத குஞ்சுகள் பிறக்கும்.

தாமிரபரணி மீன் என்றதும் திருநெல்வேலிக்காரர்கள் வலையோடு கிளம்பிவிட வேண்டாம். அது அழிவின் விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் இனம். முண்டந்துறைக் காப்பகத்து ஓடைகளில் பிடிப்பது குற்றமும் கூட. இன்னொரு மீனைப் பற்றியும் உங்களில் யாராவது கேட்பீர்கள்: சிவப்புக் கோடு ஓடும் மிஸ் கேரளா, அதாவது டெனிசன் பார்ப். சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லியம் டெனிசனின் பெயரை 1865இல் ஃபிரான்சிஸ் டே இதற்கு வைத்தார். வண்ணமீன் வியாபாரம் இதைக் கேரள ஆறுகளிலிருந்து மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போனது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் இதை முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டது. ஆகவே நம் பட்டியலில் இதற்கு இடமில்லை. சட்டத்தை விட்டாலும், குளிர்ந்து நுரைத்து ஓடும் தண்ணீரில் வாழ்வது சென்னைக் கூடத்தில் என்ன பாடுபடும்?

ஃபிலமென்ட் பார்போடு மலபார் டேனியோ பதினைந்து. நீலமும் மஞ்சளுமான கோடுகள், ஓயாத ஓட்டம், தொட்டியின் மேல்பகுதியை முழுதாக நிரப்பும். குதிக்கும், மூடியில் வயர் போக விட்ட ஓட்டை வழியாகக்கூட. அந்த ஓட்டையை ஸ்பாஞ்சால் அடையுங்கள்.

மூன்றாவதாக ஆரஞ்சு குரோமைட். கேரளத்தார் கொண்டாடும் கரிமீனின் தம்பி. ஆசியாவில் சிக்லிட் குடும்பத்தார் மிகச் சிலரே. அதில் இந்த இருவரும் நம் தென்னிந்தியக் கரையையும் இலங்கையையும் சேர்ந்தவர்கள். கழிமுகத்து உப்புநீருக்கும் பழகிய மீன் என்பதால் உங்கள் போர்வெல்லின் கடினத்தன்மை இதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆறு குஞ்சுகளாக விட்டால் தாமாகவே ஜோடி சேரும். இது ஒன்றில்தான் ஜோடிக்கு அர்த்தம் இருக்கிறது. முட்டையையும் குஞ்சையும் தாயும் தந்தையும் சேர்ந்து காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் உடல்மீது படிந்திருக்கும் வழவழப்பைக் கொத்தித் தின்று வளரும். குளங்களில் இது கரிமீனின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்திச் சுத்தம் செய்வதையும் ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதே கரிமீனின் முட்டையை இது திருடித் தின்பதையும் அவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். குஞ்சு வைத்திருக்கும் ஜோடி ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை விரட்டும். ஆறடியில் அது ஓரடி நிலத் தகராறு, விட்டுவிடலாம். கரிமீனை மட்டும் அண்ணன்தானே என்று உள்ளே விடாதீர்கள், அது உங்கள் தொட்டிக்கு மிகப் பெரிது.

கங்கைச் சமவெளித் தொட்டி ஒன்றும் அமைக்கலாம்: ரோசி பார்ப், ஹனி கௌராமி, யோயோ லோச். ஃபிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் வெளியிட்ட கங்கை மீன்கள் பற்றிய நூலில் பெயர் பெற்றவை இவற்றில் இரண்டு. ஆனால் ரோசி பார்ப் குளிர்ச்சியை விரும்புவது. கோவை, ஓசூர்ப் பக்கத்தார் முயலலாம். மற்றவர்களுக்குச் சொல்ல எனக்குத் தயக்கம். அதே கங்கையின் கண்ணாடி மீனைப் பிங்க், பச்சை, மஞ்சள் என்று பளபளக்கும் நிறங்களில் பார்த்தீர்களானால், அது ஊசியால் சாயம் ஏற்றியது. சில மாதங்களில் நிறமும் போகும், பெரும்பாலும் மீனும் போகும். வாங்காமல் நகர்ந்துவிடுங்கள்.

பாசி தின்ன ஏதாவது வேண்டும் என்பீர்கள். சக்கர் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டேன். ஆசியத் தொட்டிக்கென்று கடைக்காரர் எடுத்துத் தரும் அல்ஜி ஈட்டர், குறிப்பாகப் பொன்னிறத்தில் இருப்பது, குஞ்சில் மட்டுமே பாசி தின்னும். வளர்ந்தபின் கௌராமி போன்ற தட்டையான மீன்களின் விலாவில் ஒட்டிக்கொண்டு வழவழப்பை உறிஞ்சும். ஒரு சாணைத் தாண்டியும் வளரும். உங்களுக்கு வேண்டியது சயாமீஸ் அல்ஜி ஈட்டர். அதன் உடலில் ஓடும் கறுப்புக் கோடு வால் துடுப்பின் நுனிவரை போகும், மற்ற துடுப்புகளில் கறுப்பு இருக்காது. இப்படிப் பார்த்து எடுங்கள். ஐந்தாறு போதும், எந்தத் தொட்டியிலும் பொருந்தும்.

விரால் குடும்பத்துக் குட்டை ரகங்களுக்கு இப்போது பெரிய மோகம் இருக்கிறது. அழகுதான், மறுக்கவில்லை. அதைத் தனித் தொட்டியில் வையுங்கள். வாயில் நுழைவதெல்லாம் அதற்கு இரை, பெரிய தொட்டியென்று விட்டால் பெரிய தட்டில் பரிமாறியதாக எடுத்துக்கொள்ளும்.

எந்த வரிசையில் விடுவது என்பதிலும் கவனம் வேண்டும். ஃபில்டரை ஓடவிட்டு, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பெரிய தொட்டி என்பதால் சீக்கிரம் தயாராகிவிடாது. பிறகு முதலில் ராஸ்போரா அல்லது டேனியோ, அதுவும் பாதிக் கூட்டமாக. டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்தில் நின்றால் மீதி. அதன்பின் கௌராமி அல்லது பார்ப். கிளவுன் லோச்சை இரண்டு மூன்று மாதம் கழித்து, எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே கூட்டமாக விடுங்கள். ஒவ்வொரு புதுக் கூட்டத்தையும் பழைய சின்னத் தொட்டியில் மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டு மாற்றினால் வெள்ளைப்புள்ளியின் தொல்லை பெரிய தொட்டிக்கு வராது. மின்சாரம் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். 32 டிகிரி வெயிலில் ஃபில்டர் இரண்டு மணி நேரம் நின்றால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தரையைப் பற்றியும் ஒரு வரி: தண்ணீர், கண்ணாடி, கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து எண்ணூறு கிலோவைத் தாண்டும். மாடி வீட்டுக்காரர்கள் பீம் எங்கே ஓடுகிறது என்று பொறியாளரிடம் கேட்டுவிட்டு இடம் குறியுங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, "ரெட் டெயில் ஷார்க் ஒண்ணு மட்டும் விடலாமா?" என்று கேட்கப்போகிறீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். கரிய உடலும் செக்கச் சிவந்த வாலுமாக அது கண்ணைப் பறிக்கத்தான் செய்கிறது. தாய்லாந்தின் சாவ் பிரயாவில் அது கிட்டத்தட்ட அற்றுப்போய்விட்டது. கடைக்கு வருவதெல்லாம் பண்ணையில் பிறந்தவை. ஒரே ஆற்று மீன் என்ற என் விதியைச் சுமத்ரா தொட்டியில் இதற்காக ஒரு முறை தளர்த்துவேன். ஒன்றே ஒன்று விடுங்கள், இரண்டு விட்டால் ஒன்றுதான் மிஞ்சும். மற்ற எல்லா மீன்களும் குடியேறி இடம் பிடித்த பிறகு, கடைசியாக விடுங்கள். நீரோட்ட முனையில் மரக்கட்டைக்கு அடியில் அதற்கென்று ஒரு பொந்து இருக்கட்டும். அதே உருவமுள்ள ரெயின்போ ஷார்க்கையோ சயாமீஸ் அல்ஜி ஈட்டரையோ அந்தத் தொட்டியில் சேர்க்காதீர்கள், நாள் முழுக்கத் துரத்தும். பாசியை நீங்களே துணியால் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அன்புடன்,
உங்களைப்போல இன்னொரு தொட்டிக்காரன்